எட்டுப் பேர் காலால் நடக்கிற சாமி

சாமிக்கீரையைக் கட்டும்போது என் கை நடுங்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடுங்கவில்லை. முழங்கை உயரத்துக்கு வளர்ந்த, ஒடித்தால் பால் வடிகிற ஐந்து தண்டுகளைச் சேர்த்து, பேரீச்ச நாரால் இறுக்கி, சாமி பவனி வருகிற படகின் முகப்பில் தொங்கவிட வேண்டும். எங்கள் ஊர்ச் சாமியான மின் தேவனின் அறுவடைத் திருவிழா அன்று, சாமி முன்னால் கிலுகிலுப்பை ஆட்டுகிற கிலுக்குப் பெண்களுக்கு முதல் வேலை அதுதான். ஒன்பது வருஷமாகச் செய்கிறேன். இந்த வருஷம் தண்டுகளுக்கு நடுவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு நாணல் குழாயையும் செருகினேன். குழாயின் இரண்டு முனையிலும் மெழுகு அடைத்து, கருவேல முள்ளால் மூச்சுக்குத் துளை போட்டிருந்தேன். உள்ளே அவள் இருந்தாள். கூட்டுக்கே தாயான தேனீயை மற்ற ஊர்களில் எப்படிக் கூப்பிடுவார்களோ தெரியாது. நாங்கள் வீட்டுக்காரி என்போம். அவள் வாசம் எங்கே அடிக்கிறதோ அங்கேதான் அவள் ஜனம் முழுக்கப் போய்ச் சேரும். அந்த ஜனம் அப்போது மூடிபோட்ட ஒரு கூடைக்குள், கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் அவரைத் தோட்டத்தில், என் நாத்தனார் தாமித்தின் மடியில் இருந்தது.

"என்னடி இது, கீரை கட்டுறியா கூடை முடையிறியா?" என்று ஹெனூத் அக்கா பின்னால் வந்து நின்றாள். ஏழு கிலுக்குப் பெண்களுக்கும் அவள்தான் தலைவி. கண் மையை இரண்டு சுற்று அதிகமாகவே பூசுவாள்.

"நார் அறுந்து போச்சுக்கா."

"அறுந்தா வேற நார் எடு. அதுக்கா இம்புட்டு நேரம்?" என்றவள் குரலைத் தணித்தாள். "வீட்டுல கெடடின்னு நேத்தே சொன்னேன்ல? புருஷன சாமி முன்னாடி நிறுத்தி வச்சிக்கிட்டு எவளாவது கிலுக்கு ஆட்டுவாளா? கைய வெட்டிட்டா மெழுகு வழிக்க முடியாது, கண்ணப் புடுங்கிட்டா கூடு தெரியாது. காத அறுத்தா காது கேக்காமயா போயிரும்? மனசத் தேத்திக்க."

ஆறுதலாம். பாவி, மனசார ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினேன்.

நான்கு நாளுக்கு முன்பு திருவிழாப் பணியாரம் சுடுவதற்காகக் கோயில் கிடங்கில் தேன் ஜாடிகளைத் திறந்தார்கள். என் புருஷன் கென்னா கோயில் தேனீக்காரன். ஆற்றோரம் அடுக்கி வைத்த அறுபது மண்குழாய்க் கூடும் அவன் பொறுப்பு. போன மாசம் அவன் முத்திரை போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்த ஆறு ஜாடியில் மூன்று ஜாடி, மேலே ஒரு விரல் ஆழத்துக்குத் தேன், கீழே முழுக்கப் பேரீச்சம் பாகு. சாமிக்கு வைக்கிற தேனில் பாகைக் கலந்தால் என்ன தண்டனை என்று எங்கள் ஊரில் கைப்பிள்ளைகூடச் சொல்லும். மூக்கும் காதும் போய்விடும். அதற்குப் பிறகு கிழக்குப் பாலைவனத்துச் சுரங்கம். அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்களை நான் பார்த்ததில்லை.

முத்திரை உடையாமல் இருந்ததே, அதனால் கென்னாதான் என்றார் கிடங்குக்காரர் பஷெது. முத்திரை உடையாமல் இருந்ததாம். ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்து, முத்திரை மண்ணை அப்படியே பெயர்த்து, காரியம் முடிந்ததும் மறுபடி ஒட்டி வைக்கிற கைகளை எனக்குத் தெரியும். பஷெது வீட்டில் போன மாசம் முழுக்க வந்தவர் போனவர் எல்லாருக்கும் தேன் பணியாரம். ஆனால் இதை எங்கே போய்ச் சொல்ல? ஊரில் வழக்கு என்று வந்தால் சாமிதான் தீர்ப்புச் சொல்லும். சாமியைப் பார்த்துக்கொள்கிறவர் பஷெது.

அன்றைக்குச் சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். இன்றுவரை நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். கென்னா சாப்பிட உட்கார்ந்திருந்தான். வெங்காயமும் ரொட்டியும். நான் எதிரே உட்கார்ந்து, "நீ செஞ்சியா?" என்று கேட்டேன்.

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "நீயுமா கேக்குற?"

"ஊரே கேக்குது. நான் கேக்கக் கூடாதா?"

"ஊரு கேட்டுட்டுப் போகுது. உன் வாயிலருந்து அந்தக் கேள்வி வந்துருச்சே, வாபெத்து."

அவ்வளவுதான். இல்லை என்று ஒரு வார்த்தை அவன் வாயால் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு நிம்மதியாக அழ வேண்டும் என்றுதான் கேட்டேன். அதைச் சொல்வதற்குள் அவன் போய்க் கூடுகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் விடியும்போதே கோயில் காவல்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். வாசலைத் தாண்டும்போது தங்கச்சி தாமித்தைப் பார்த்துத் தலையாட்டினான். என்னைப் பார்க்கவில்லை. பதினோரு வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷன்.

சாமி தீர்ப்புச் சொல்கிற விதம் இதுதான். தேவன் தன் சின்னப் படகுக்குள் திரை போட்டு உட்கார்ந்திருப்பார். படகை எட்டுப் பேர் தோளில் சுமப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் எதிரே நின்று, "ஐயனே, நானா செஞ்சேன்?" என்று கேட்பான். ஆமாம் என்றால் சாமி முன்னால் வருவார். இல்லை என்றால் பின்னால் போவார். கேள்வி முடிந்த நொடியிலிருந்து சாமி நகரும்வரைக்கும் எந்த மனுஷக் குரலும் எழும்பக் கூடாது. கிலுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்க வேண்டும். சாமிக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், கோபத்தைத் தணிக்கும் என்பார்கள். எனக்கும் சாமி மேல் பக்தி உண்டு. ஆனால் சாமிக்குக் கண் சொந்தக் கண், காது சொந்தக் காது, கால் மட்டும் பஷெதுவின் ஆட்களுடைய கால். முன்வரிசையில் வலது பக்கம் சுமக்கிறவன் ஹூய், பஷெதுவின் மருமகன். அவன் கால் எந்தப் பக்கம் போகிறதோ மற்ற ஏழு பேர் காலும் அந்தப் பக்கம்தான்.

அதனால்தான் தேனீக்களை நினைத்தேன். நானும் தேனீக்காரன் மகள்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூட்டுக்குள் கூவத் தெரியும். புதுக் குடித்தனம் கிளம்பப் போகிற கூட்டின் வாயில் நாணலை வைத்து, மெல்ல இழுத்து ஊத வேண்டும். உள்ளே புது வீட்டுக்காரி தயாராக இருந்தால் அவளும் அதே சுருதியில் பதில் கூவுவாள். பதில் வந்தால் ஒன்றிரண்டு நாளில் கூட்டம் கிளம்பும். கென்னா இதில் பெரிய ஆள். எத்தனை வீட்டுக்காரிகள் கூவுகிறார்கள் என்று விரல்விட்டுச் சொல்லிவிடுவான். அவனைக் கூட்டிக்கொண்டுபோன அன்று நான் ஒவ்வொரு குழாயாகப் போய் ஊதினேன். நாற்பத்தோராவது குழாயில் பதில் வந்தது. திருவிழாவுக்கு முந்தின நாள் உச்சி வெயிலில் கூட்டம் கிளம்பிப் பேரீச்சங்குலை கனத்துக்கு அத்திமரத்தில் தொங்கியது. தாமித்தும் நானும் அதைக் கூடைக்குள் உலுக்கி இறக்கினோம். வீட்டுக்காரியைத் தேடிப் பிடித்து நாணலுக்குள் விட்டேன்.

"மதினி, சாமிகிட்டயே விளையாடுறோமே. நம்மள சும்மா விடுமா அது?" என்று தாமித் கேட்டாள். நல்ல பெண், ஆனால் நிழலைக் கண்டால் பயப்படுகிறவள்.

"சாமிகிட்ட இல்லடி. சாமியத் தூக்குறவன்கிட்ட. ஈ மூஞ்சில வந்து விழுந்தா எவன்டி முன்னால போவான்? எட்டுப் பேரும் பின்னாலதான் குதிப்பான். பின்னால போனா உங்க அண்ணன் செய்யலைன்னு அர்த்தம்."

"எப்பத் தொறக்கணும்?"

"கேள்வி கேக்குறப்ப கிலுக்கு மெதுவா இருக்கும். கேட்டு முடிச்சதும் வேகமா ஆட்டுவோம். வேகம் கேட்டதும் மூடிய எடுத்துரு. காத்து கோயில் பக்கமிருந்துதான் அடிக்குது. அதுக மோந்துக்கிட்டு வந்துரும்."

"என்னைக் கொட்டுனா?"

"கொட்டுனா தேன் தடவிக்க."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

திருவிழாக் காலையில் கோயில் கிணற்றடியில் கீரை அலசிக்கொண்டிருந்தபோது, எனக்கு மிச்சம் இருந்த கொஞ்சநஞ்ச உறுத்தலும் போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பஷெதுவின் குரல். "அவன் கேட்டு வாய மூடுனதும் முன்னால போ. பாத்துக்கிட்டு நிக்காத." ஹூய் முனகினான்: "மாமா, ஒரு வேள அவன் செய்யலைன்னா..." பஷெது, "உன்ன யோசிக்கச் சொல்லல. முன்னால போகச் சொன்னேன்," என்றார். நான் கீரையைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தேன். சரியான வேலைதான் செய்திருக்கிறோம் என்ற ஒரு திருப்தி வந்தது.

படகு வெளிவாசலுக்கு வந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சூரியன் படகுக்குப் பின்னால் இருந்ததால் அதன் நிழல் எங்களைப் பார்த்து நீளமாக விழுந்திருந்தது. ஊர் முழுக்க இரண்டு பக்கமும் நின்றது. பிள்ளைகள் வாயில் பணியாரம். படகின் முகப்பில் என் கீரைக்கட்டு ஆடியது. நாங்கள் ஏழு பேரும் படகுக்கு முன்னால் அரைவட்டமாக நின்று கிலுக்கை ஆட்டினோம். சாமி பக்கம் முகம், முதுகு ஜனங்கள் பக்கம். எங்களுக்குப் பின்னால் பத்தடியில் கென்னாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாமிக்கு முதுகு காட்டித் திரும்பிப் பார்க்கக் கூடாது. கழுத்தைக் கொஞ்சம் வளைத்து ஓரக்கண்ணால் பார்த்தேன். தலையை மழித்திருந்தார்கள். மூன்று நாளில் அவன் தோள் எலும்பு தெரிந்தது. கைக்கட்டு இல்லை. சாமி முன்னால் யாரையும் கட்டி நிறுத்துவதில்லை.

பஷெது கையை உயர்த்தினார். கிலுக்குகள் மெதுவாயின. "தேவனோட தேன்காரன் கென்னா, தேவன்கிட்ட கேளு."

கென்னா தொண்டையைச் செருமினான். நான் மனசுக்குள் அவனுக்கு முன்னாலேயே சொன்னேன். ஐயனே, நானா செஞ்சேன்? ஐயனே, நானா செஞ்சேன்? எங்கள் ஊரில் இதுவரை வேறு மாதிரி யாரும் கேட்டதில்லை.

"ஐயனே," என்றான் கென்னா. குரல் தெளிவாக இருந்தது. "உன் தேன்ல நான் ஒண்ணையும் கலக்கலைன்னு உன் முன்னாலயே சொல்றேன். அந்தக் கேள்விய என் வீட்டுலயே கேட்டாச்சு. திரும்ப என் வாயால கேக்க மாட்டேன். நான் கேக்குறது இதுதான். என் குரல் மெய்க்குரலா?"

கூட்டத்தில் யாரோ "அட..." என்று வாயெடுத்து, சட்டென்று பொத்திக்கொண்டார்கள். மெய்க்குரல் என்பது எங்கள் பக்கம் உயிரோடிருப்பவர் சொல்கிற சொல் இல்லை. செத்துப்போய், அந்த உலகத்துத் தராசில் நெஞ்சை வைத்து நிறுத்து, தேறிவிட்டவர்களின் பெயருக்குப் பக்கத்தில் கல்லில் வெட்டுகிற சொல். ஹெனூத் அக்கா கிலுக்கை உயர்த்தினாள். ஏழு கிலுக்கும் வேகமெடுத்தன. என் கையும் பழக்கத்தில் கூடவே வேகமெடுத்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் குரல் மெய்யா என்று கேட்டிருக்கிறான். ஆமாம் என்றால் சாமி முன்னால் வர வேண்டும். பின்னால் போனால் அவன் பொய்யன், திருடன். மூக்கு, காது, சுரங்கம். எட்டுப் பேரையும் பின்னால் துரத்துவதற்காக இரண்டு நாள் பாடுபட்டு நான் கட்டி வைத்த கீரைக்கட்டு, அவன் கழுத்துக்கு நான் கட்டின கயிறாகிவிட்டது. கேள்வியைத் திருப்பிப் போட்டது அவன்தான். திருப்பிப் போட வைத்தது யார்? ரொட்டி தின்றுகொண்டிருந்தவன் எதிரே உட்கார்ந்து கேட்டேனே, நான்தான்.

ஹூயைப் பார்த்தேன். முன்னால் போ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவன் பாட்டுக்கு முன்னால் போயிருந்தால் என் புருஷன் பிழைத்திருப்பான். ஆனால் அந்த மடையனுக்கு அன்றைக்கென்று பார்த்து யோசனை வந்துவிட்டது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, உதடு அசைய, முன்னால் போனால் என்ன அர்த்தம், பின்னால் போனால் என்ன அர்த்தம் என்று அவன் கணக்குப் போடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பஷெதுவின் முகம் வேர்த்துவிட்டது. கண்ணை உருட்டுகிறார், தலையைப் பின்பக்கமாக வெட்டுகிறார். வாயைத் திறக்க முடியாது. சாமி நகரும்வரை மனுஷக் குரல் கூடாது. அவருக்கும் கூடாது, எனக்கும் கூடாது. தாமித், திறக்காதடி, திறந்துவிடாதடி என்று கத்த முடியாமல் கிலுக்கை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் திறந்துவிட்டாள். எப்போதும் சொன்ன பேச்சுக் கேட்கிற பெண்.

முதலில் கிலுக்குச் சத்தத்துக்குள்ளேயே வேறு ஒரு சத்தம் கலந்தது. எனக்கு மட்டும்தான் அது பிரிந்து கேட்டிருக்கும். கென்னாவுக்கும் கேட்டிருக்கும். மதிலுக்கு மேலே காற்று பழுப்பாகக் கலங்கியது. அலையாமல் கொள்ளாமல் நேராக வந்தார்கள். பத்து, முப்பது, பிறகு எண்ண முடியவில்லை. கீரைக்கட்டின் மேல் உட்கார்ந்தார்கள். ஹூயின் காதோரம் ஒன்று போனது. அவன் கண் அகன்றது. இடது குதிகாலைத் தூக்கினான். பின்னால் வைக்கத்தான்.

கிலுக்குப் பெண் சாமியின் முகத்துக்கு நேரே போய் ஆட்டலாம். அது மரியாதை, யாரும் தடுக்க முடியாது. வரிசையை விட்டு நான் நடந்தேன். ஹெனூத் அக்கா என்னை எரிப்பதுபோல் பார்த்தாள். படகு முகப்பருகே போய், வலது கையால் ஆட்டிக்கொண்டே இடது கையைக் கீரைக்குள் விட்டேன். என் முடிச்சு. நானே இறுக்கி, இன்னொரு தரம் இறுக்கிய முடிச்சு. அவிழவில்லை. தண்டுகளை முறித்தேன். பால் கையெல்லாம் வழிந்தது. இரண்டு ஈக்கள் கொட்டின. விரல் நுனியில் நாணல் தட்டுப்பட்டது. பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். ஹூய்க்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அவன் தூக்கின குதிகால் இன்னும் தரையில் படவில்லை. அவனைப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் என் கண்ணில் இருந்த அத்தனை கெஞ்சலையும் அவன் மேல் கொட்டினேன். பிறகு அடிமேல் அடி வைத்துப் பின்னால் நடந்தேன்.

முதுகு காட்டக் கூடாது, அதனால் சாமியைப் பார்த்தபடியேதான் நகர வேண்டியிருந்தது. அவர்கள் என் கூடவே வந்தார்கள். முதலில் கையில், பிறகு முழங்கையில், தோளில், கழுத்தில், கூந்தலுக்குள். புதுக் குடித்தனம் கிளம்புகிற ஈக்கள் வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டுத்தான் கிளம்பும், சும்மா கொட்டாது. இது எனக்குத் தெரியும். படகு தூக்குகிற எட்டுப் பேருக்குத் தெரியாதே. அவர்கள் கண்ணுக்கு எதிரே ஒரு பெண் ஈயால் மூடிக்கொண்டு நிற்கிறாள். முன்னால் வருவதென்றால் இவளை நோக்கித்தான் வர வேண்டும். எந்த மடையன் வருவான்? கிலுக்குப் பெண்கள் ஆறு பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆனாலும் ஒருத்தியும் ஆட்டுவதை நிறுத்தவில்லை. அதற்காக ஹெனூத் அக்காவை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

படகின் நிழலைத் தாண்டி வெயிலுக்குள் வந்தேன். முகத்தில் வெயில் நேராக அடித்தது. கென்னாவின் பக்கத்தில் வந்துவிட்டேன் என்று அவன் மேலிருந்து வந்த மெழுகு வாசத்தில் தெரிந்தது. மூன்று நாள் காவலில் கிடந்தும் அந்த வாசம் போகவில்லை. அங்கேயே நின்றேன். கன்னத்தில் ஏறினார்கள், இமையில் ஏறினார்கள், கண்ணை மூடினேன். உதட்டை மூடினேன். மூக்குத் துளையில் ஒன்று நுழையப் பார்த்தது. மூச்சை அடக்கினேன். தும்மினால் தீர்ந்தது, எல்லாம் கிளம்பிவிடும், எட்டுப் பேரும் ஆற்றங்கரைவரை பின்னால் ஓடுவார்கள். நெஞ்சு வெடிப்பதுபோல் இருந்தது. வலது கை மட்டும் தன் பாட்டுக்கு ஆட்டிக்கொண்டிருந்தது.

அப்போது என் மூக்கின் மேல் ஒரு காற்றுப் பட்டது. மெல்லிய, வெதுவெதுப்பான காற்று. கென்னா ஊதினான். கூட்டைத் திறக்கும்போது வாசலில் நிற்கிற ஈக்களை ஒதுக்க ஊதுவானே, அதே ஊதல். சத்தம் இல்லை, குரல் இல்லை, எந்தக் கட்டளையையும் மீறவில்லை. மூக்கில் இருந்த ஈ நகர்ந்தது. நான் மூச்சு இழுத்தேன். அவன் மறுபடி ஊதினான். மறுபடி இழுத்தேன். நான் செய்த வேலை மொத்தமும் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவனிடம் என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னிச்சிரு. இல்லை, அதற்கு முன்னால், நீ செய்யலை, எனக்குத் தெரியும், அன்னைக்கும் தெரியும். ஒன்றையும் சொல்ல முடியாது. அவன் ஊதினான், நான் இழுத்தேன்.

கூட்டத்தில் ஒரு கிழவர் வாய்க்குள்ளேயே விம்முவது கேட்டது. சூரிய சாமி அழுத கண்ணீர்தான் பூமியில் விழுந்து தேனீயாயிற்று என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அவர்களுக்கெல்லாம் அது தோன்றியிருக்கும். சாமியின் கண்ணீர் வந்து கென்னா பெண்டாட்டி மேல் உட்கார்ந்துவிட்டது என்று. எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளங்கைக்குள் நாணல் குழாய், அதற்குள் நடுங்குகிற ஒரு சின்ன உயிர். இதில் சாமி எங்கே இருக்கிறார்?

இருந்தாலும் கேட்டேன். ஒன்பது வருஷம் அவர் முன்னால் கிலுக்கு ஆட்டியிருக்கிறேன். அவர் காலைப் பற்றிக் கேலி பேசியிருக்கிறேன். எனக்கென்று எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். வா. நீ உன் காலால் வந்தாலும் சரி, அந்த மடையன் காலால் வந்தாலும் சரி, வா. அவன் மாமன் சொன்னதை நினைத்தே வரட்டும், யோசிக்காமல் வரட்டும், பயந்து வரட்டும். எப்படியாவது வா.

மணலில் கால்கள் புரண்டன. எட்டுப் பேரும் சேர்ந்து எடுத்து வைக்கிற கால்தான், அந்தக் கனம் தெரிந்தது. முன்னாலா, பின்னாலா? ஈக்களின் இரைச்சலில் பிரிக்க முடியவில்லை. ஹெனூத் அக்காவின் கிலுக்கு நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக மற்ற ஐந்தும் நின்றன. நான் மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். மூக்கில் பட்டுக்கொண்டிருந்த கென்னாவின் மூச்சும் நின்றது.

முதலில் என் கால் விரல்களின் மேலிருந்து வெயில் போயிற்று. அப்புறம் முழங்கால் குளிர்ந்தது. படகின் நிழல் என் மேல் ஏறிக்கொண்டிருந்தது.